மந்தைவெளிக்கு 15 கிலோமீட்டர்

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் பீரோவை ஒழித்து அடுக்கினோம். பழைய புடவைகளுக்கு அடியில் ஒரு துணிக்கடைப் பை இருந்தது. அதற்குள் வீட்டு ஒதுக்கீட்டு ஆணை, அதன் ஜெராக்ஸ் நான்கைந்து, தவணை கட்டிய ரசீதுகள், பழைய ரேஷன் கார்டு, அப்பாவின் இறப்புச் சான்றிதழ். எல்லாவற்றுக்கும் கீழே 40 பக்க நோட்டுகள் ஒரு கட்டு. சைக்கிள் டியூப்பை வளையமாக வெட்டி அதைக்கொண்டு கட்டியிருந்தாள்.

அது அம்மாவின் கணக்கு. அவள் மூன்றாம் வகுப்புவரை படித்தவள். ஸ்கேல் இல்லாமல் கையாலேயே கோடு போட்டுக் கட்டம் பிரித்திருப்பாள். 'கூ' என்றால் கூலி. 'அ' என்றால் அரிசி. 'ம' என்றால் மண்ணெண்ணெய். 'கை' என்றால் கைமாற்று. வாங்கியதா கொடுத்ததா என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். நான் தரையில் உட்கார்ந்து பழையதிலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டு வந்தேன். 2001 ஆகஸ்ட் பக்கத்தில் ஒரு கட்டம் புதிதாக முளைத்திருந்தது. இடம் போதாமல் பக்கத்தின் ஓரத்தில் நெருக்கி ஒரு கோடு இழுத்து, அதன் தலையில் 'ப' என்று எழுதியிருந்தாள்.

ப என்றால் பஸ். அதற்கு முந்தைய நோட்டுகளில் அந்தக் கட்டமே கிடையாது.

நான் ஒரு கட்டட கான்ட்ராக்டர் ஆபீசில் எஸ்டிமேட் போடுகிறவள். மண் தோண்டுவதில் ஆரம்பித்து, கம்பி, ஜல்லி, சென்டரிங், பூச்சு, கதவு, குழாய் என்று கடைசித் தாழ்ப்பாள்வரை எழுதிக் கூட்டினால் ஒரு வீட்டின் விலை வந்துவிடும் என்பது என் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்தது. எங்களுக்கு வீடு கொடுத்தபோதும் யாரோ ஒருவர் இப்படித்தான் எஸ்டிமேட் போட்டிருப்பார். அவர் போட்டதில் எல்லா அயிட்டமும் இருந்திருக்கும். அம்மா ஓரத்தில் நெருக்கி எழுதிய அந்தக் கட்டம் மட்டும் இருந்திருக்காது. சென்னையில் ஏழைகளுக்கு வீடு கட்டிய 50 ஆண்டுக் கதையைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பது அதுதான்.

எங்கள் குடிசை மந்தைவெளிக்குப் பக்கத்தில், பக்கிங்காம் கால்வாய் ஓரத்தில் இருந்தது. அப்பா மீன்பாடி வண்டி ஓட்டினார். சென்னைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை; மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், முன்பக்கம் இரண்டு சக்கரத்தின் மேல் பலகையும் பின்பக்கம் சைக்கிளுமாக இருக்கும் வண்டி. மார்க்கெட்டிலிருந்து காய்கறி மூட்டை, கடையிலிருந்து பீரோ, வீடு மாற்றுகிறவர்களின் சாமான், எது கிடைத்தாலும் ஏற்றுவார். அம்மா மூன்று வீட்டில் வேலை செய்தாள். வாசல் தெளித்துக் கோலம் போடுவது, பாத்திரம், துணி. ஒரு வீட்டுக்கு 300 ரூபாய். விடிகாலை ஐந்தரைக்கு முதல் வீடு. குடிசையிலிருந்து பத்து நிமிட நடை. எட்டு மணிக்கு ஓடிவந்து எங்களுக்குத் தலை வாரிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு மறுபடியும் போவாள்.

கால்வாய் ஓரத்தில் வாழ்ந்ததை நான் அழகாக்கிச் சொல்ல விரும்பவில்லை. ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் உள்ளே வரும். அடுப்பைக் கட்டில்மேல் தூக்கி வைத்துவிட்டு அடுத்த தெரு மாடிப்படிக்கு அடியில் போய் நிற்போம். பெண்கள் இருட்டின பிறகுதான் ஒதுங்கப் போக முடியும். கோடையில் எந்த வரிசையிலாவது தீப்பிடிக்கும். அதனால், வீடு தருகிறார்கள் என்று கணக்கெடுக்க வந்தபோது அம்மா சந்தோஷப்பட்டாள். கதவில் சாக்பீஸால் எண் போட்டுவிட்டுப் போனார்கள். அந்த எண்ணை மழை அழித்துவிடக்கூடாதென்று அம்மா அதன்மேல் ஒரு பாலிதீன் தாளை ஆணி வைத்து அடித்தாள்.

ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை லாரி வந்தது. நான் எட்டாம் வகுப்பு. பள்ளி திறந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அப்பா கூரையின் சவுக்குக் கட்டைகளைப் பிரித்து லாரியில் ஏற்றினார். வண்டியை ஏற்ற இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

ஒக்கியம் துரைப்பாக்கம், கண்ணகி நகர். இன்று 15 ஆயிரத்துக்கும் மேல் வீடுகள் உள்ள இடம். அப்போது பாதி கட்டிடங்கள்தான் எழும்பியிருந்தன. சுற்றிலும் வெட்டவெளி. எங்களுக்குக் கிடைத்தது 200 சதுர அடிக்கும் குறைவான ஒரு வீடு: ஒரு அறை, சமையலுக்கு ஒரு மூலை, கழிப்பறை. தண்ணீர் லாரியில் வரும். பிளாஸ்டிக் குடங்களை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருப்போம்.

அந்த வீட்டில் முதல் மழை பெய்த ராத்திரி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அம்மா நடுவில் எழுந்து தரையைத் தடவிப் பார்த்தாள். ஈரமில்லை. மறுபடியும் படுத்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப எழுந்து தடவினாள். விடியும்வரை நான்கைந்து தடவை இப்படிச் செய்தாள். அந்த வீட்டைப் பற்றி யார் என்ன குறை சொன்னாலும், நானே சொன்னாலும், அந்த ராத்திரியை நான் மறந்துவிடக்கூடாது.

சரி, இப்போது நோட்டுக்கு வருகிறேன்.

மூன்று வீட்டுக் கூலி 900 ரூபாய் என்று ஜூலை பக்கத்தில் இருக்கிறது. செப்டம்பரில் 600. மாடி வீட்டுப் பாட்டி, "நீ எட்டு மணிக்கு வந்து நின்னா நான் எப்போ பூஜை பண்றது?" என்று கேட்டிருக்கிறார். அவர் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. கண்ணகி நகரிலிருந்து மெயின் ரோட்டுக்கு நடந்து வந்து, பஸ் பிடித்து, அடையாறில் மாறி மந்தைவெளிக்குப் போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம், சில நாள் ஒன்றரை. ஒரு வீடு போய்விட்டது. 'ப' கட்டத்தில் போக 5, வர 5. மாதம் 26 நாள் என்றால் 260. அறுநூறில் 260 போனால் மீதி 340. அதில்தான் வீட்டுத் தவணை, பராமரிப்புக் கட்டணம், கரண்டு. கால்வாய் ஓரத்தில் இது எதுவும் கிடையாது.

தொள்ளாயிரம் சம்பாதித்த பெண்ணை ஒரு நல்ல வீட்டில் கொண்டுபோய் வைத்து 340 ரூபாய்க்காரி ஆக்கிவிட்டது அந்த 15 கிலோமீட்டர். அவளுக்கு யாரும் கெடுதல் நினைக்கவில்லை. அவள் எங்கே வேலை செய்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். கணக்கெடுப்புத் தாளில் பெயர், வயது, குடும்பத்தில் எத்தனை பேர், ரேஷன் கார்டு எண் என்று கட்டங்கள் இருந்ததாக அம்மா சொல்கிறாள். வேலைக்கு எப்படிப் போகிறாய், நடந்தா, எவ்வளவு நேரம் என்ற கேள்வியே இல்லையாம்.

அப்பாவின் கதை இன்னும் கஷ்டம். வண்டி மந்தைவெளி மார்க்கெட்டில் சங்கிலி போட்டுக் கிடந்தது. சவாரி வருவது விடிகாலை நாலு மணிக்கு. அந்த நேரத்தில் கண்ணகி நகரிலிருந்து பஸ் ஏது? வாரத்தில் நான்கு ராத்திரி வண்டியின் பலகைமேலேயே படுத்துக்கொண்டார். எங்கள் வரிசையில் அநேக வீடுகளில் இதே நிலைமைதான். ஆம்பளைகள் பழைய இடத்தில் பிளாட்பாரத்தில் தூங்குவார்கள், சனிக்கிழமை வீட்டுக்கு வருவார்கள். வீடில்லாதவர்களுக்கு வீடு கொடுத்த பிறகு, வீட்டுக்காரர் பிளாட்பாரத்துக்குப் போனார். ஐந்து ஆண்டு இப்படி ஓடியது. ஒரு மழைக்காலத்தில் நுரையீரலில் சளி கட்டி, அதிலிருந்து அவர் எழவே இல்லை. வண்டியை 1,200 ரூபாய்க்கு விற்றோம். அதுவும் நோட்டில் இருக்கிறது.

இந்த நகரம் ஆரம்பத்தில் இப்படி யோசிக்கவில்லை. குடிசை மாற்று வாரியம் 1970இல் தொடங்கியது. 1971இல் அதற்கென்று சட்டம் வந்தது. ஏழே ஆண்டில் மெட்ராசில் ஒரு குடிசைகூட இருக்கக்கூடாது என்பது அன்றைய இலக்கு. 'ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்' என்ற வரியைச் சுவர்களில் எழுதினார்கள். நொச்சிக்குப்பத்துக்கும் டூமிங்குப்பத்துக்கும் போய்ப் பாருங்கள். மீனவர்கள் எங்கே குடிசை போட்டிருந்தார்களோ அங்கேயே, கடலுக்கு எதிரிலேயே, மாடி வீடு கட்டினார்கள். படி இறங்கினால் படகு. வீடு சின்னதுதான், பூச்சு உதிரும்தான். ஆனால் குடியிருந்தவர்களின் பிழைப்பு அந்த மணலிலேயே இருந்தது. அந்தச் சட்டத்தில் இன்னொரு நல்ல ஏற்பாடும் உண்டு. ஒரு இடத்தைக் குடிசைப் பகுதி என்று அரசு அறிவித்துவிட்டால், அங்கிருப்பவர்களை நினைத்த நேரத்தில் எழுப்பிவிட முடியாது. அந்த இடத்திலேயே தண்ணீர், விளக்கு, கழிப்பறை செய்துதர வேண்டும். 1971இல் 1,202 இடங்களை அறிவித்தார்கள். 1985இல் இன்னும் 17. அதற்குப் பிறகு கால் நூற்றாண்டுக்கும் மேலாகப் பட்டியலில் புதிதாக ஒன்றுகூடச் சேரவில்லை. ஊர் பெருத்துக்கொண்டே போனது. 2011 கணக்கெடுப்பின்போது சென்னையின் 46 லட்சம் பேரில் 13 லட்சத்துக்கு மேல் குடிசைப் பகுதிகளில்தான் இருந்தார்கள். எங்கள் கால்வாய் ஓரம் பட்டியலில் இல்லாதது. அதனால் 'ஆக்கிரமிப்பு' என்ற ஒரே சொல் போதுமாக இருந்தது.

வில்லிவாக்கம் அத்தையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அப்பாவின் அக்கா. இரண்டு பேரும் ஒரே குடிசையில் பிறந்தவர்கள். அத்தை கல்யாணமாகிப் போன இடத்தில், உலக வங்கிக் கடனில் 1977இல் தொடங்கிய நகர்ப்புற வளர்ச்சித் திட்டத்தில், அவர்களுக்கு ஒரு மனை கிடைத்தது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் அந்தத் திட்டம் நடந்தது. வீடு கட்டித் தரவில்லை. சாலை, தண்ணீர்க் குழாய், சாக்கடை போட்டு, சின்னச் சின்ன மனைகளாகப் பிரித்து, தவணை முறையில் கொடுத்தார்கள். அத்தையின் மனையில் ஒரு கழிப்பறையும் ஒரு சுவரும் மட்டும் நின்றிருந்ததாம். அதே லேஅவுட்டில் பெரிய மனைகளும் உண்டு. அவற்றை வசதியுள்ளவர்களுக்கு நல்ல விலைக்கு விற்று, அந்தப் பணத்தில் சின்ன மனைகளின் விலையைக் குறைத்தார்கள்.

மாமாவுக்குப் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் கான்ட்ராக்ட் வேலை. சைக்கிளில் கால் மணி நேரம். முதல் வருஷம் அந்த ஒற்றைச் சுவரில் கீற்றைச் சாய்த்துக் குடியிருந்தார்கள். தீபாவளி போனஸில் செங்கல் வாங்கினார்கள். மூன்று வருஷம் கழித்து சிமென்ட் ஷீட். மூத்தவனின் காதுகுத்துக்கு வந்த மொய்ப்பணத்தில் கான்கிரீட் தளம். நான் சின்னப் பெண்ணாகப் போயிருந்தபோது மாடிக்குக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும்; அதில் துணி காயப் போடுவார்கள். பிறகு மாடி எழும்பியது. அதை வாடகைக்கு விட்டார்கள். அந்த வாடகையில் இரண்டு பிள்ளைகள் கல்லூரி முடித்தார்கள். இன்று அந்தத் தெருவில் நடந்து போனால் எது ஏழை மனை, எது பணக்கார மனை என்று சட்டென்று பிரிக்க முடியாது.

அக்காவுக்குக் கிடைத்தது வளரக்கூடிய வீடு. தம்பிக்குக் கிடைத்தது முடிந்துபோன வீடு. கண்ணகி நகர் வீட்டில் ஒரு செங்கல் சேர்க்க முடியாது. மேலே ஒருவர், கீழே ஒருவர், பக்கத்தில் ஒருவர். பிள்ளைக்குக் கல்யாணமானால் குறுக்கே புடவை கட்டலாம், அவ்வளவுதான். ஒரே ஊரில், 25 வருஷ இடைவெளியில் நடந்த இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகும் நாம் ஏன் முதலாவதை விட்டோம் என்று எனக்கு மனசு ஆறவே இல்லை. காரணம் தெரியாமல் இல்லை. ஊருக்குள் நிலம் விலை ஏறிவிட்டது. அரசு கையில் மிச்சமிருந்த நிலத்துக்குப் பறக்கும் ரயில், மேம்பாலம், ஆற்றங்கரைச் சீரமைப்பு என்று ஒவ்வொன்றாகத் தேவை வந்தது. ஊருக்கு வெளியே மொத்தமாகக் கட்டினால் ஒரு வீட்டுக்கு ஆகும் செலவு குறைவு. தாளில் அந்தக் கணக்கு சரிதான். பஸ் காசு அரசாங்கத்தின் நோட்டில் ஏறவில்லை, அம்மாவின் நோட்டில் ஏறியது.

2005க்குப் பிறகு செம்மஞ்சேரி, அப்புறம் பெரும்பாக்கம். தூரம் இன்னும் கூடியது. பெரும்பாக்கத்தில் மட்டும் 20 ஆயிரத்துக்கும் மேல் வீடுகள், எட்டு மாடிக் கட்டிடங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளில் இருந்த குடும்பங்களை அங்கே கொண்டுபோனார்கள். வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்பது காரணம். அந்த வட்டாரமே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டியது. செம்மஞ்சேரிக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள், மழைக்காலத்தில் எந்தத் தெருவில் எத்தனை நாள் தண்ணீர் நிற்கும் என்று சொல்வார்கள்.

என்னோடு பாலிடெக்னிக்கில் படித்த தோழியின் அம்மாவுக்குப் பெரும்பாக்கத்தில் ஆறாவது மாடியில் வீடு. போன வருஷம் பார்க்கப் போனேன். லிப்ட் ஓடவில்லை. ஆறு மாடி ஏறி மேலே போனால் அந்த அம்மா கதவைத் திறந்து, "வா கண்ணு, மூச்சு வாங்கு, அப்புறம் பேசலாம்" என்றார். சுவர், தரை எல்லாம் நான் தொழில் கண்ணோடு பார்த்தேன். வீடு கண்ணகி நகரைவிடப் பெரியது. தனி படுக்கையறை, சமையலறை, பால்கனி. கட்டியவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் எட்டு மாடிக் கட்டிடம் என்பது ஒரு எந்திரம். லிப்டுக்கு வருடாந்திரப் பராமரிப்பு, சம்ப்பிலிருந்து மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டார், காயில் எரிந்தால் மாற்ற ஆள், பொது விளக்குக் கரண்டு, செப்டிக் லைன். நாங்கள் கட்டுகிற தனியார் அடுக்குமாடிகளில் சதுர அடிக்கு இவ்வளவு என்று மாதா மாதம் வசூலித்துத்தான் இதை ஓட்டுகிறார்கள், அப்படியும் சண்டை வருகிறது. கூலி வேலை செய்கிறவர்களை அந்த எந்திரத்தின்மேல் குடிவைத்துவிட்டு, ஓட்டும் செலவை அவர்கள் தலையில் வைத்தால் அது எத்தனை நாள் ஓடும்? அந்த அம்மா 24 நாளாகக் கீழே இறங்கவில்லை. முட்டிவலி. ரேஷன் அரிசியை அடுத்த வீட்டுப் பையன் தூக்கி வருகிறான், ஒரு தடவைக்கு 20 ரூபாய்.

பால்கனியிலிருந்து பார்த்தால் தூரத்தில் ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டிடங்கள் தெரிந்தன. கிட்டத்திலேயே வேலை இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கிறது. ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி, கேன்டீன். எங்கள் பெண்கள் நிறையப் பேர் போகிறார்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் 20 வயதில் டிப்ளமா சிவில் முடித்துவிட்டு நான் ஒரு இடத்துக்கு நேர்காணலுக்குப் போனேன். கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னேன். கடைசியில் அந்த அதிகாரி பயோடேட்டாவைத் திருப்பி முகவரியைப் பார்த்தார். "ஓ, கண்ணகி நகரா?" என்றார். தகவல் சொல்கிறோம் என்றார்கள். அடுத்த பயோடேட்டாவில் வில்லிவாக்கம் அத்தை வீட்டு முகவரியைப் போட்டேன். முதல் வாரமே வேலை கிடைத்தது. அந்த முகவரியை எழுதும்போது அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஒரே மாதிரி ஏழைகளை ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கில் கொண்டுபோய்க் கொட்டினால் இப்படித்தான் ஆகும். ஊர் அந்த இடத்துக்கு ஒரு பெயர் வைத்துவிடும். பிறகு அங்கே பிறந்த ஒவ்வொரு பிள்ளையும் அந்தப் பெயரைக் கழுவ வேண்டியிருக்கும். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் கபடித் தங்கம் வாங்கிய நம் பெண்கள் அணியின் துணைத் தலைவி கண்ணகி நகர்ப் பெண். அன்றைக்கு எங்கள் பழைய வரிசையில் வெடி வெடித்தார்கள். ஊரின் பெயரோடு சேர்த்தே அந்தப் பிள்ளையின் பெயரைத் தமிழ்நாடு முழுக்கச் சொன்னார்கள். நான் ஆபீசில் உட்கார்ந்து அழுதேன். என் டேபிளில் இருந்தவர்களிடம் முதல்முறையாக நானும் அந்த ஊர்தான் என்று சொன்னேன்.

இப்போது காற்று கொஞ்சம் மாறி அடிக்கிறது. 2021இல் வாரியத்தின் பெயரையே நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள். அதே ஆண்டு டிசம்பர் 27ஆம் தேதி திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட ஒரு பழைய பிளாக் இடிந்து விழுந்தது. விரிசல் விட்டதைப் பார்த்து ஜனங்கள் முன்கூட்டியே வெளியே வந்துவிட்டதால் உயிர்ச்சேதம் இல்லை. ஊருக்குள் இருக்கும் இப்படிப்பட்ட பழைய கட்டிடங்களை இடித்து அதே இடத்தில் 400 சதுர அடியளவில் புதிதாகக் கட்டும் வேலை நடக்கிறது. இது சரியான வழி என்று நான் முழு மனசோடு சொல்வேன். ஒரே ஒரு விஷயம்தான் உறுத்துகிறது. கட்டி முடியும்வரை வெளியே தங்க 24 ஆயிரம் ரூபாய் கொடுக்கிறார்கள். முன்பு 8 ஆயிரமாக இருந்ததை உயர்த்தியது நல்லதுதான். ஆனால் மயிலாப்பூர், சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் ஒரு அறை 7 ஆயிரத்துக்குக் குறைந்து கிடைக்காது, அட்வான்ஸ் தனி. மூன்று மாதத்துக்கு வரும் பணம். கட்டிடம் எழும்ப ஒன்றரை, இரண்டு வருஷம் ஆகும். அதற்குள் வாடகை கட்ட முடியாமல் குடும்பம் தானாகவே வெளியூர்ப் பக்கம் நகர்ந்துவிடுகிறது. நான் எஸ்டிமேட் போடுகிறவளாகச் சொல்கிறேன்: இடைக்கால வாடகையைக் கட்டிடச் செலவிலேயே ஒரு அயிட்டமாகச் சேருங்கள். மொத்தத்தில் அது பெரிய தொகையே இல்லை.

பெரிய மனைப்பிரிவுகளுக்கு ஒரு விதி இருக்கிறது. 2008இல் வந்த சென்னையின் இரண்டாவது பெருந்திட்டம் (மாஸ்டர் பிளான்), 1 ஹெக்டேருக்கு மேல் போகும் லேஅவுட்டுகளில் 10 சதவீதத்தை எளியவர்களுக்கு ஒதுக்கச் சொல்கிறது. வரைபடத்தில் 'ஈ.டபிள்யூ.எஸ்' என்று குறித்த குட்டி மனைகளை நானே எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் மழைநீர்க் கால்வாயை ஒட்டிய கடைசி மூலையில் இருக்கும். விற்பனைக்கு வந்ததும் அடுத்தடுத்த இரண்டு மனையை ஒரே குடும்பத்தின் இரண்டு பெயரில் வாங்கி ஒன்றாக்கிவிடுவார்கள். வாங்குபவர் உண்மையில் யார் என்று பார்க்க ஒரு ஆள் இருந்தால் வில்லிவாக்கம் இந்த ஊரில் இன்னும் நூறு இடத்தில் முளைக்கும். சொந்தமாகப் பட்டா வைத்திருப்பவர் கட்டிக்கொள்ள மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து மானியம் தருகின்றன. கையில் ஒரு துண்டு நிலத்துக்குத் தாள் இருந்தால் எங்கள் ஜனம் மீதியைப் பார்த்துக்கொள்ளும். அத்தை பார்த்துக்கொண்டார்.

சென்னையின் மூன்றாவது பெருந்திட்டத்துக்கு ஜனங்களிடம் கருத்துக் கேட்டபோது நானும் எழுதிக் கொடுத்தேன். என்ன எழுதுவது என்று முந்தின நாள் ராத்திரி அம்மாவிடம் கேட்டேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"வூடு குடுத்தாங்க. நல்ல வூடுதான். அதுக்குள்ளயே குந்திகினு இருந்தா சோறு வருமா? எங்க வேலைக்குப் போறோமோ அங்கயே ஒரு மூலைல குடுத்திருந்தா உங்கப்பன் வண்டிமேல படுத்திருக்க மாட்டான்."

அதை அப்படியே எழுத்து மொழிக்கு மாற்றிக் கொடுத்தேன். கூடவே இரண்டு வரி சேர்த்தேன். கணக்கெடுப்புத் தாளில் வேலை செய்யும் இடம், போகும் விதம், ஆகும் நேரம் என்று மூன்று கட்டம் போடுங்கள். அந்த மூன்றையும் நிரப்பாமல் எந்தக் குடும்பத்துக்கும் வீடு ஒதுக்காதீர்கள் என்று.

அம்மாவுக்கு இப்போது 63 வயது. மேடவாக்கத்தில் என்னோடுதான் இருக்கிறாள். வேலையை விடச் சொன்னால் கேட்பதில்லை. மந்தைவெளியில் அதே மாடி வீட்டுக்கு, பாட்டி போய்ச் சேர்ந்த பிறகு அவர் மருமகள் திரும்பக் கூப்பிட்டார். வாரத்தில் நான்கு நாள் போகிறாள், பத்து மணிக்கு வந்தால் போதும் என்று சொல்லியிருக்கிறார்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழு கணக்கிட்டுச் சொன்னது. அந்தச் செய்தியைப் படித்துக் காட்டியபோது அம்மா, "அவ்ளோதானா?" என்று கேட்டுவிட்டு விரல் மடக்க ஆரம்பித்தாள். இருபது ஆண்டு கணக்கு அவள் விரலில் இருந்தது. எங்களுக்கு வீடு கொடுத்த அன்றே இந்த டிக்கெட்டையும் கொடுத்திருந்தால் மூன்றாவது வீட்டு வேலை போயிருந்தாலும் அந்த 260 ரூபாய் மிஞ்சியிருக்கும்; அப்பா வாரத்தில் இன்னும் இரண்டு ராத்திரி வீட்டுக்கு வந்திருப்பாரோ என்றுகூட நினைக்கிறேன். அவருக்கு அது கிடைத்திருக்காது, பெண்களுக்கு மட்டும்தான். இருந்தாலும் நினைக்கிறேன்.

நோட்டுக் கட்டின் கடைசியில் இருந்தது இந்த வருஷத்தினுடையது. அதே போல் கையால் போட்ட கோடு. கூ, அ. மண்ணெண்ணெய் போய் கேஸ் வந்திருந்தது. ஓரத்தில் நெருக்கி இழுத்த அந்தக் கட்டம் இன்னமும் இருக்கிறது, 'ப'. அதற்குக் கீழே வேலைக்குப் போன ஒவ்வொரு நாளுக்கும் நேராக ஒரு பூஜ்ஜியம் போட்டிருக்கிறாள். காசே கொடுக்காதபோது எதற்கு இந்தக் கட்டம் என்று கேட்டேன்.

"இருக்கட்டும்மா" என்று நோட்டை வாங்கி மறுபடியும் டியூப் வளையத்தைப் போட்டாள்.